வெட்டி வைத்த அழுகை

ஆயம்மாவின் சாவு வீடியோ என் போனுக்கு வந்தபோது நான் யட்டியாந்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். யாரோ எடுத்து, யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்குத் தட்டிவிட, கைமாறிக் கைமாறி வந்த படம். எடுத்தவரின் பெருவிரல் பாதி நேரம் ஓர் ஓரத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பந்தல், நாற்காலிகள், தப்பு மேளம் காய்ச்சுகிற நெருப்பு, திடீரென்று ஒருவருடைய முதுகு, அப்புறம் வானம். கடைசியில் பெண்கள். படம் முடியும்வரை அவர்கள் அழுதார்கள். எதையும் யாரும் வெட்டவில்லை.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். எங்கள் பக்கத்து மழைக்கு விட்டுவிட்டுப் பெய்யத் தெரியாது. இரண்டு பஸ்களைப் போகவிட்டு அங்கேயே நின்றேன். கால் வலித்தது. துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. நெடுநாள் தூக்கி வந்த ஒன்றை இறக்கி வைக்க இடம் தெரியாமல் நிற்கிற களைப்பு.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று ஓர் ஒற்றை அறைக் கட்டடம் உண்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். பல காலம் ஆயம்மா அங்கே ஆயாவாக இருந்தார். வேலையிலிருந்து நின்ற பிறகும் ஆயம்மாதான். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க வேண்டும் என்று தோட்டத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. பாதிப் பேர் அவர் தோளில் வாயூற்றி வளர்ந்தவர்கள். தோளுக்கு எதற்குப் பெயர்?

அவரிடம் டெப் என்கிற ஒரு பெரிய தொடுதிரை இருந்தது. குவைத்தில் வீட்டுவேலைக்குப் போன மகள் அனுப்பியது. மூலையில் கீறல் விழுந்த அந்தக் கண்ணாடிப் பலகையைப் பால்மா பக்கெட் உறை ஒன்றின் ஓரத்தைத் தைத்து அதற்குள் வைத்திருப்பார். மழைக்கு அதைவிட நல்ல உறை எங்கள் ஊரில் கிடையாது. வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் யாராவது ஒருத்தி வெளிநாட்டில் இருந்தாள். அவர்களுடைய பிள்ளைகளை எல்லாம் ஆயம்மா படம் எடுத்தார். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேச எங்கள் மலைக்குச் சிக்னல் போதாது. முகம் உறைந்து வாய் மட்டும் எங்கோ அசையும். ஆகவே எடுத்து, வெட்டி, ஒட்டி, பிறகு தண்ணீர்த் தாங்கியடிக்கு ஏறிப்போய், டெப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அனுப்புவார். கொழுந்து மலையிலிருந்து பெண்கள் சத்தம் போடுவார்கள், ஆயம்மா வானத்துக்குப் படையல் தூக்குது என்று. அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தச் சின்ன வட்டம் சுற்றி முடியும்வரை கை இறங்காது.

வெட்டுவதுதான் அவர். மற்றதெல்லாம் அதைச் சுற்றி இருந்தவை.

இஸ்தோப்பு வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, டெப்பைத் தொடையில் வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணோடு பார்ப்பார். திரையின் அடியில் படங்கள் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக நிற்கும். சுட்டுவிரல் நகத்தால் ஒரு முனையைத் தள்ளுவார், மறுமுனையை இழுப்பார். நாய் குரைத்தது இருக்கும். பக்கத்துக் காம்பராவில் யாரோ யாரையோ ஏசியது இருக்கும். இருமல் இருக்கும், கோழி குறுக்கே ஓடியது இருக்கும். அழுகை மட்டும் இருக்காது. பிள்ளையின் கீழுதடு பிதுங்கத் தொடங்குகிற இடத்தில் நகம் நிற்கும். அங்கே வெட்டு. பிறகு சிரிக்கிற இடத்தைத் தேடிப்போய் அதைக் கொண்டுவந்து ஒட்டுவார். மேலே ரோசாப்பூக்கள் உதிர்கிற மாதிரி ஒன்று டெப்பிலேயே உண்டு, அதையும் போடுவார். பூ உதிர உதிர எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே சவூதிக்கும் குவைத்துக்கும் டுபாய்க்கும் போனார்கள்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"அங்கிட்டு அனுப்புறது பார்சல் மாதிரி. பார்சல்ல ஈரமான சாமான் வைக்கக் கூடாது. மத்ததையும் கெடுத்துரும்."

முறுக்கும் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி அனுப்பிப் பழகியவர்களுக்கு இது விளங்கும். விளங்கியது. யாரும் மறுத்துப் பேசவில்லை, மேல் லயத்துப் பெரியவர் சாகும்வரை.

பெரியவரின் மகன் கட்டாரில் கட்டட வேலை செய்தான். வர முடியவில்லை. அவனுக்காக ஆயம்மா அன்று முழுக்க நின்று எடுத்தார். குளிப்பாட்டியது, கோடி போட்டது, காகிதப் பூப்பாடை தேயிலைக்கு நடுவே ஏறிப் போனது எல்லாம். பிறகு வழக்கம்போல இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுகையை எல்லாம் வெட்டிப்போட்டார். வெட்டியதை அந்தக் காலத்தில் அப்படியே அழித்தும்விடுவார். மிஞ்சியது என்ன? ஆட்கள் தேநீர் குடித்தார்கள். வெற்றிலை மடித்தார்கள். தப்பு முழங்கியது. ஒரு பாடை போனது. பூ மட்டும் உதிரவில்லை, அந்த அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது.

மகன் அதைப் பார்த்துவிட்டுத் தன் அத்தைக்குப் போன் எடுத்தான். செத்தவரின் தங்கை அவர். எங்கப்பாவுக்கு அழ ஒரு நாதி இல்லையா, டீ குடிச்சிட்டுப் போகத்தான் எல்லாரும் வந்தீங்களா என்று கேட்டிருக்கிறான். அத்தை நேரே ஆயம்மாவின் இஸ்தோப்புக்கு வந்து நின்றார். தொண்டை கிழிய அழுது மூன்று நாளாகப் பேச்சு வராதிருந்த மனுசி. அழுததைக் கொடு என்றார். கொடுக்க ஆயம்மாவிடம் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள், எட்டுப் படைத்த அன்று பெண்களை மறுபடியும் அதே இடத்தில் உட்கார வைத்தார்கள். தலைமயிரை அவிழ்த்துவிட்டார்கள். ஆயம்மா டெப்பைத் தூக்கிப் பிடித்தார்.

"ஒருக்கா அழுதத மறுக்கா எப்படிடி அழுறது?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பரவி, எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆயம்மா கையை இறக்கவில்லை. அப்போது அத்தை தலையை நிமிர்த்தினார். எதிரே சுவர் ஆணியில் அண்ணனின் குடை தொங்கியது. எடுத்துப் போக ஆளில்லாமல், மடிப்புக் கலையாமல். அவர் மெதுவாக, யாரையும் கூப்பிடாமல், தனக்குள்ளேயே தொடங்கினார். கைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்துத் தோளுக்குப் போயின. அன்று அழுத அழுகை முதல் நாளில்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள். அதை ஆயம்மா வெட்டாமல் அனுப்பினார்.

"செத்தவங்களுக்கு அழுறது மரியாத. உசுரோட இருக்கிற புள்ள அழுதா அது பாரம்" என்று அதன்பிறகு தன் வழக்கத்தைத் திருத்திச் சொன்னார். இன்னொன்றும் மாறியது. வெட்டியதை அவர் எறிவதில்லை. யாராவது வந்து கேட்டால்? அழுகைத் துண்டுகள் எல்லாம் டெப்புக்குள் ஒரு பக்கமாகச் சேர்ந்தன. சேர்ந்து சேர்ந்து டெப் திணறியது. ஒருநாள் இடமில்லை என்று சொல்லி நின்றே விட்டது.

பஜாரில் போன் திருத்துகிற முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோனார். துணைக்குப் போனது நான். நானா திறந்து பார்த்து, ஒன்றைத் தட்டினார். ஒரு பிள்ளையின் வீறிடல் கடை முழுக்கக் கேட்டது. அவசரமாக அணைத்தார்.

"ஆயம்மா, உள்ளுக்கு எடமே இல்ல. இந்த அழுற துண்டெல்லாம் என்னத்துக்கு? தொடச்சிப்போட்டா லேசாகிடும்."

"தொடைக்கத் தெரியாமலா ஒங்ககிட்ட வந்தேன்? எடம் வாங்க வந்தேன்."

நானா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். நகத்தளவு கார்டு ஒன்றை டெப்பின் விலாவில் செருகிக் கொடுத்தார். எங்கள் மலையின் பிள்ளை அழுகை முழுவதும் அந்த நகத்துக்குள் போய் உட்கார்ந்தது.

என் மகளுடையதும்.

என் மனைவி சவூதிக்குப் போனபோது மகளுக்கு ஐந்து வயது. வீடு கட்டத்தான் போனாள். ரோட்டோரம் எங்களுக்குக் கிடைத்த துண்டுக் காணியில் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. அதற்குள் ஒரு பப்பாசி முளைத்துக் காய்க்கவும் தொடங்கியது. நான் விடியலில் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவேன். பகலில் பஜாரில் மூட்டை, சிமெந்து, எது கிடைக்கிறதோ அது. ஓரிடத்தில் இருக்கமாட்டாத கால் எனக்கு. ஆனால் அந்த வருடங்களில் கால் ஓடவில்லை, இழுபட்டது. மகளைப் பள்ளிக்கூடம் விட்டபின் ஆயம்மா பார்த்துக்கொண்டார்.

மகள் பேச்சைக் குறைத்தாள். முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு லயத்தில், கடைசியில் என்னிடம். ஆம் என்றால் ஒரு தலையாட்டல், இல்லையென்றால் அதுவும் இல்லை. வான் வண்டி வருகிற வளைவில் போய் உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் ஆயம்மா அவளைத் தன் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். வெளியே ஆள் நின்றால் பிள்ளை கூச்சப்படும் என்பார். திரும்பி வரும்போது முகத்தில் பவுடர் இருக்கும். முன்மயிரிலிருந்து நீர் சொட்டும். வீடியோவில் அவள் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது பொத்தான் போன்.

இரண்டு வருடம் முடியப்போன சமயம் மனைவி போனில் சொன்னாள், மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார், இருந்தால் கூரையைப் போட்டுவிடலாம் என்று. பிள்ளை சரியில்லை என்றேன். பேசுவதில்லை என்றேன்.

"போன வெள்ளிக்கிழம எப்படிச் சிரிக்கிறா, நீங்கதான் சும்மா பயப்படுறீங்க" என்றாள்.

நான் சொல்வது வெறும் சொல். அங்கே பூ உதிர்கிறது.

ஆயம்மாவிடம் போனேன். பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ வெட்டாம அனுப்புங்க ஆயம்மா. பார்த்தா வந்துருவா."

கையிலிருந்த கொட்டையை உரித்து முடித்துச் சட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"எப்படித் தம்பி வருவா? பாஸ்போட் யார் கையில இருக்கு? கதவுச் சாவி யார் கையில இருக்கு?"

பிறகு, கேட்காமலே, தன் மகளின் கதையைச் சொன்னார். டெப் வந்த புதிது. வெட்டத் தெரியாத காலம். மகளின் பையனுக்குக் காய்ச்சல். அம்மா அம்மா என்று அவன் அனத்தியதை அப்படியே எடுத்து அப்படியே அனுப்பியிருக்கிறார். பார்த்த அன்றே மகள் உடுத்த துணியோடு அந்த வீட்டிலிருந்து இறங்கிவிட்டாள். கையில் கடதாசி இல்லை. பிடித்து எங்கோ அடைத்தார்கள். திருப்பி அனுப்பச் சொல்லி இங்கிருந்து எத்தனையோ வாசலில் நின்றும் ஒன்றும் நகரவில்லை.

"காச்சல் ரெண்டு நாள்ல விட்டுப் போச்சு. பையன் பந்தடிக்கப் போயிட்டான். அவ வந்து சேர ரெண்டு மழக்காலம் போச்சு. வெறுங்கையோட வந்தா. இன்னைக்கு வரைக்கும் ஏம்மா அனுப்பினேன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவல."

அவருடைய மகள் அப்போது அவிசாவளைப் பக்கம் தையல் கார்மென்டில் வேலை செய்துகொண்டு பையனோடு அங்கேயே இருந்தாள். நான் எழுந்து வந்தேன். மரத்தை வெட்டிப் பிழைப்பவன் நான். வெட்டினால் வடியும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அவர் கையில் வெட்டு வடிவதை நிறுத்தியது. யார் கை சரி என்று யோசிக்கவும் அன்று எனக்குத் தெம்பில்லை.

மனைவி கையெழுத்து வைத்தாள். இன்னும் இரண்டு வருடம். சுவர் எழும்பியது. பப்பாசியை வெட்டினோம். கூரை ஏறியது.

அவள் வந்திறங்கிய அன்று மகள் புது வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒன்பது வயது. அழைத்தால் வந்தாள், கொடுத்தால் வாங்கினாள், தலை வாரினால் அசையாமல் இருந்தாள். பேசவில்லை. சொக்லட் பெட்டி மேசையில் பிரிக்காமல் கிடந்து எறும்பு வந்தது. ஒரு கிழமை போனது. ஒரு மத்தியானம் மனைவி அந்த எறும்புகளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்ங்க. ஒவ்வொரு வீடியோலயும் அவ முன்மயிரு ஈரமா இருக்கும். மொகம் கழுவிட்டுத்தானே சிரிக்கிறா. எந்த எடத்துல வெட்டியிருக்காங்கன்னு நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்ப்பேன். தெரிஞ்சேதான் கையெழுத்து வச்சேன். கண்ணால பார்த்திருந்தா வச்சிருக்க மாட்டேன்."

துடைத்த துணியை உதறாமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "அந்த வெட்டின துண்டெல்லாம் ஆயம்மாகிட்ட இருக்குமா?" என்றாள்.

மழை பிடித்திருந்தது. மூவரும் போனோம், மகள் எங்களுக்கு எட்டப் பின்னால் வந்தாள். ஆயம்மா மெலிந்திருந்தார். வலக்கண்ணில் பால் படர்ந்திருந்தது. மனைவி கேட்டதும் பால்மா உறையை மடியில் அணைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. அதுல பாக்க ஒண்ணும் இல்ல."

"பரவால்ல ஆயம்மா. அத நான் பார்த்தே ஆகணும்."

உறையை அவளிடம் கொடுத்தார். எதைத் தட்டி எதைத் திறப்பது என்று சொன்னார். பிளேன்டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

மனைவி இஸ்தோப்பில் உட்கார்ந்து முதலாவதைத் தட்டினாள். மகளின் முகம். ஐந்து வயது, நீலச் சட்டை. அம்மாவுக்கு என்னா சொல்லப்போறீங்க என்று ஆயம்மாவின் குரல். கீழுதடு பிதுங்குகிறது. உடனே படம் ஒரு சுழல் சுழன்று நின்றது. பிறகு கூரை. டெப்பைப் பாயில் குப்புற வைத்துவிட்டு அவர் பிள்ளையைத் தூக்கியிருக்கிறார். புகை படிந்த தகரம், ஒரு ஆணி ஓட்டையில் ஊசியளவு வெளிச்சம். அவ்வளவுதான் படம். அழுகை மட்டும் கேட்டது. நெஞ்சில் முகம் புதைத்து அழுகிற, துணிக்குள் அமுங்கிய அழுகை. அதற்கு மேலே, ஆட்டத்தில் ஏறி இறங்கி வருகிற ஒரு குரல்:

"அழுவு சாமி. நல்லா அழுவு. ஆயம்மா இருக்கேன்ல. அழுது முடிச்சிட்டு மொகத்தக் கழுவி அம்மாவுக்குச் சிரிச்சுக் காட்டலாம். இது அம்மாவுக்குக் கேக்காது."

மனைவி அடுத்ததைத் தட்டினாள். உதடு, சுழல், கூரை. அதற்கடுத்ததும் கூரை. ஓட்டையில் வெளிச்சம் சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. ஒன்றில் மழைச் சத்தம். ஒன்றில் அழுகை ஓய்ந்து, ஆயம்மா ஏதோ தாலாட்டை முனகி, அதுவும் ஓய்ந்து, இரண்டு மூச்சுகள் மட்டும். சாய்ந்திருந்த சுவரோடு மனைவியின் முதுகு மெல்லச் சரிந்தது. உள்ளே ஆயம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவுகிற சத்தம்.

மனைவி டெப்பை மடியில் இறக்கி வைத்தாள். போதும் என்று இறக்கினாளா, முடியாமல் இறக்கினாளா, தெரியாது.

இஸ்தோப்புத் தூணருகில் நின்ற மகள் வந்தாள். அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்து, இருண்டிருந்த திரையில் விரலை வைத்தாள்.

"முடியல. இன்னும் இருக்கு" என்றாள்.

அடுத்ததை அவளே திறந்தாள்.